ஏழுமலையின் வலது தோள்

எங்கள் பிசியோதெரபிஸ்டுகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் பிசியோதெரபி படித்துவிட்டுச் சொந்தமாக கிளினிக் வைத்திருப்பவர்கள். ஒருவர் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே நீல வெல்வெட் மெத்தையில் வளைவும் நெளிவுமாக எஃகுத் துண்டுகள். அவற்றை வைத்துத் தோலின் மேல் இழுத்து, அடியில் இறுகிப்போன தசையை இளக்கும் சிகிச்சையாம். அதற்கென்று தனிப் பயிற்சி, தனிச் சான்றிதழ். "மேடம், உங்க காலத்துல இதெல்லாம் கிடையாது இல்ல?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அதெல்லாம் வருகிற வயது தாண்டியாகிவிட்டது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடை சரியாக இருந்தது, ஓரத்தை நன்றாக மழுக்கியிருந்தார்கள். "இருந்துச்சுப்பா, ஒண்ணே ஒண்ணு" என்றேன். அப்படியானால் அதைப் பற்றியே எழுதுங்கள் என்று சொல்லி, காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். எழுத உட்கார்ந்தால் கட்டைவிரல் வலிக்கிறது. பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தொழிலில் முதலில் போவது இந்தக் கட்டைவிரல்தான். அப்பா ரயில்வேயில் இருந்தார், ராயபுரத்தில் வீடு. என்னை நர்ஸ் ஆக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. இரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் பாதிரியார் ஒருவர் இந்தப் படிப்பைப் பற்றிச் சொன்னார், சேர்த்துவிட்டார்கள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. எலும்பின் பெயர், தசையின் பெயர், விரலால் அழுத்தித் தேய்க்கும் முறை. நோயாளி ஒரு பள்ளி ஆசிரியராகவோ வங்கி குமாஸ்தாவாகவோ இருந்தால் அது போதும். எனக்கு வாய்த்ததோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்காக நடந்த ஒரு மருந்தகம். அவர்கள் தோளில் விரலை வைத்து அழுத்தினால் மடங்குவது நம் விரலாகத்தான் இருக்கும். அறுபதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த முதல் கோடை முடிவதற்குள் இரவில் தலை பின்னக்கூட விரல் வளையவில்லை.

மருந்தகத்தின் மாடியில் எங்கள் பிரிவு. இரண்டு கட்டில், தசைக்குச் சூடு காட்ட ஒரு சிவப்பு விளக்கு, மெழுகு உருக்கும் தொட்டி, சுவரோடு அறைந்த ஒரு மர ஏணி. ஜன்னலைத் திறந்தால் நிலக்கரித் தூள், மூடினால் புழுக்கம். பிரிவுக்குத் தலைவர் கோவிந்தராஜன் சார். ராணுவ மருத்துவமனை ஒன்றில் பல காலம் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லியான ஆள். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அது இன்னும் மோசம்.

அந்தக் காலத்தில் மூட்டை தூக்குகிறவர்களை யாரும் வாங்க, போங்க என்று கூப்பிட்டதில்லை. கீழே மருந்து கொடுக்கிற கம்பவுண்டர்கூட "இன்னாடா" என்றுதான் ஆரம்பிப்பார். சார் மட்டும் "வாங்கய்யா, உக்காருங்க" என்பார். புதிதாக வருகிறவர்கள், யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவரிடம் ஓர் எஃகுப் பட்டை இருந்தது. உள்ளங்கை நீளம். ஒரு விளிம்பு உள்பக்கமாக வளைந்திருக்கும், மறு விளிம்பு வெளிப்பக்கமாக. தன்னுடைய கட்டைவிரல்கள் போனபிறகு, பட்டறையில் வேலை செய்த சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி இழைத்து வாங்கியது. நாங்கள் அதைப் பட்டை என்போம். நோயாளிகள் வைத்த பெயர் சொரண்டி. அதனால் அவர் சொரண்டி சார், நான் சொரண்டியம்மா. கல்மண்டபம் பக்கம் மீன் வாங்கப் போனால், "சொரண்டிம்மா, வஞ்சிரம் கீது, வா" என்று கூடைக்காரிகள் கூப்பிடுவார்கள். கூட வரும் என் அம்மாவுக்கு மானம் போய்விடும்.

அந்தப் பட்டையைத் தொட சார் என்னை லேசில் விடவில்லை. முதலில் எனாமல் பேசினில் வெந்நீர் வைத்து அதில் பட்டையைப் போட வேண்டும். எடுத்து, ஈரம் போகத் துடைத்து, நம் முன்னங்கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். சூடும் அழுத்தமும் நமக்குச் சரியாக இருந்தால்தான் நோயாளியிடம் போகலாம். சார் ஒரு நாளும், எவ்வளவு கூட்டம் இருந்தாலும், இதைத் தவறவிட்டதில்லை. அவருடைய இடது முன்னங்கையில் முடியே கிடையாது.

நோயாளியின் தோலில் மெல்லிசாக எண்ணெய் தடவி, பட்டையைச் சாய்த்துப் பிடித்து, தசை ஓடுகிற திசையிலேயே முதலில் இழுக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் தோல் உரியும். நல்ல தசையில் பட்டை வழுக்கிக்கொண்டு போகும். கெட்டுப்போன இடத்தில் அரிசியில் கல் அகப்பட்ட மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரியும். அங்கே நின்று, குறுக்காகச் சின்னச் சின்ன இழுப்பு. தோல் சிவக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தியதும் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே அந்த மூட்டுப் பகுதியை அசைக்க வைக்க வேண்டும். சர்க்கரை நோய்க்காரருக்குக் கிடையாது. புண் இருந்தால் கிடையாது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது.

நான் ஒருமுறை ஒருவரிடம், "வலிக்குதா?" என்று கேட்டேன். சார் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"அப்படிக் கேக்காதே ரெஜினா. வலிக்கலன்னுதான் சொல்வாங்க. வலிக்குதுன்னு சொன்னா நாளைக்கு வேலைக்கு வேணாம்னுடுவாங்கன்னு பயம். எங்க வலிக்குதுன்னு கேளு."

ஏழுமலை எங்களிடம் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். நாற்பதைத் தாண்டியவர். கப்பலிலிருந்து இறங்கிய மூட்டைகளைக் கிடங்கிலிருந்து லாரிக்கு ஏற்றும் கேங்கில் இருந்தார். இரண்டு பேர் கொக்கி போட்டு மூட்டையைத் தூக்கித் தோளில் சார்த்துவார்கள். தூக்குகிறவர் வலது கையை மேலே கொண்டுபோய் மூட்டையின் காதுமுனையைப் பிடித்துக்கொண்டு, சாய்வாகப் போட்ட பலகையில் ஏற வேண்டும். மழை பெய்த ஒரு நாளில் பலகை வழுக்கிவிட்டது. மூட்டை ஒரு பக்கம், பிடித்திருந்த கை ஒரு பக்கம். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு, கையை மார்போடு சேர்த்து நீண்ட நாள் கட்டி வைத்திருந்தார்கள். கட்டை அவிழ்த்தபோது எலும்பு சேர்ந்திருந்தது, கை நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவில்லை. தோள்பட்டை எலும்பும் அக்குளின் பின்பக்கமும் ஒரே பலகையாக ஒட்டிக்கிடந்தன.

பட்டையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னாம்மா, இத்த வெச்சி சொரண்டினா கை மேல பூடுமா?"

"ஏறும். நாள் ஆகும்" என்றேன்.

"நாளு இல்லம்மா. போர்டு வருதே."

போர்டு என்பது மருத்துவக் குழு. அடிபட்டவர்களை அவர்கள் பார்த்து, வேலைக்குத் தகுதி உண்டு அல்லது இல்லை என்று எழுதுவார்கள். தகுதி இல்லை என்று எழுதிவிட்டால், கேங்கில் வேலை செய்வதற்கு உரிமையான அவருடைய கேங் அட்டை வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளைக்குப் போகும். அந்த இடத்தில் அது எல்லோரும் ஏற்றுக்கொண்ட வழக்கம். சொத்து மாதிரி அதைக் கையில் வைத்திருந்தார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் வந்து சேரவில்லை என்றால் அட்டை போய்விடும், வீட்டுக்கு வரும்படி நின்றுவிடும்.

ஏழுமலைக்கு ஒரு மகன், செல்வி என்று ஒரு மகள். மகன் சேகர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான்.

"என் கை ஏறலன்னா அட்டை சேகருக்குப் பூடும்மா. அவன் படிப்ப வுட்டுட்டு மூட்டைக்கு வந்துதான் ஆவணும், வேற வழி இல்ல. எங்க நைனா தூக்குனாரு, நான் தூக்கிகினு கீறேன். அவன் வேணாம். அவன் ஸ்பானரு புடிக்கட்டும். இன்னும் ஒரு வருசம் கீது படிப்பு முடிய. அது வரைக்கும் இந்தக் கை வேலை செஞ்சா போதும்."

அப்போதே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தோளைச் சரிசெய்தால் மகன் தப்புவான், இல்லாவிட்டால் மூட்டைக்கு வருவான். இப்படி ஒரு கணக்கோடு ஒரு தோளை அதற்கு முன் நான் தொட்டதில்லை.

அவருடைய மனைவி அஞ்சலைக்கு இது பிடிக்கவில்லை. ஒரு நாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர் என்னை மாடிப்படி ஓரமாக அழைத்தார்.

"நீ ஏம்மா இப்டி ஓடி ஓடி அத்த தேய்க்கிற? அந்தாளு ஒழைச்சது போதும், கை வரலன்னா வூட்ல குந்தட்டும். புள்ளைக்கு அட்டை வந்தா மாசம் பொறந்தா காசு. படிச்சிட்டு அவன் எந்த கம்பெனி வாசல்ல போயி நிப்பான்? எவன் குடுப்பான் வேலை? அட்டைன்னா அட்டை."

அந்த அம்மாள் சொன்னதில் எனக்குத் தப்பு ஒன்றும் தெரியவில்லை. திருவொற்றியூர் பக்கம் படித்துவிட்டு வேலையில்லாமல் சுற்றிய பையன்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். "அவர் கேக்கறதை நான் செய்றேம்மா" என்று மட்டும் சொன்னேன். "செய், செய்" என்று தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேலை மெதுவாகத்தான் நகர்ந்தது. முதலில் சிவப்பு விளக்கு, பிறகு பட்டை, பிறகு மர ஏணி. ஏணியின் படிகளில் விரல்களால் நடந்து நடந்து கையை மேலே ஏற்ற வேண்டும். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுவார். வலிக்கிறது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. வேர்வை மட்டும் முகவாயில் சொட்டும். அக்குளின் பின்பக்கம் பட்டை போனால், கேட்கிற மாதிரியே நறநறக்கும். கை ஒரு நாள் ஒரு படி கூடும், மறுநாள் பழைய படிக்கே வந்து நிற்கும். சிரித்துக்கொண்டே, "பேஜாரு புடிச்ச கை சார்" என்பார். நானும் சாரும் முறை வைத்துத் தேய்த்தோம். தோள் உயரம் வந்தது. கன்னம் உயரம் வந்தது. இப்படியே போனால் போர்டு நாளில் காதைத் தொடும் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அவர் சட்டையைக் கழற்றியபோது நான் பயந்துவிட்டேன். தோளிலிருந்து முதுகு பாதிவரை நாவல்பழ நிறம். வீங்கியிருந்தது, விரல் வைத்தால் குதித்தார். கை மறுபடி நெஞ்சுக்கே இறங்கிவிட்டது.

சார் வந்து பார்த்தார். ரொம்ப மெதுவாக, "யாரு பண்ணது?" என்றார்.

"நம்ம கேங்கு தோஸ்துங்கதான் சார். பாசத்துல பண்ட்டாங்க. திட்டாதீங்க."

நடந்தது இதுதான். மூட்டையைக் குத்தித் தூக்கும் கைக்கொக்கி ஒவ்வொருவரிடமும் உண்டு. வருடக்கணக்கில் உள்ளங்கையில் உருண்டு, அதன் முதுகு வழவழவென்று இருக்கும். கேங்கில் ஏழுமலைக்கு நெருங்கிய சிநேகிதர் மாரி. அவர் ஒரு நாள் கூட வந்து எங்கள் பட்டையைப் பார்த்திருக்கிறார். 'இத்துக்கா ஆஸ்பத்திரி, நம்ம கொக்கி முதுகு மாதிரிதானே கீது' என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிடங்கு நிழலில் ஏழுமலையைக் குப்புறப் படுக்க வைத்து, நல்லெண்ணெய் ஊற்றி, ஆள் மாற்றி ஆள் கொக்கி முதுகால் தேய்த்துத் தள்ளியிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களின் கணக்கு அது. ஒரு ஆள் கொஞ்ச நேரத்தில் செய்கிற வேலையை ஒரு கேங்கே சேர்ந்து செய்தால் அன்றைக்கே முடிந்துவிட வேண்டும்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் சார் என்னையும் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாரி நல்ல ஆகிருதி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏன்யா இப்படி?" என்று சார் கேட்டார்.

"நீங்க இத்தினியூண்டு நேரம் தேச்சதுக்கே கை கன்னம் வரைக்கும் வந்துச்சே சார். நாங்க இத்தினி பேரு கீறோம். சேந்து தேச்சா மேல பூடும்னு பாத்தோம்."

சார் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். இடது முன்னங்கையை நீட்டினார். "கொக்கிய எடுங்க. அவருக்கு எப்படித் தேச்சீங்களோ அப்படியே எனக்கும் தேயுங்க."

"வேணாம் சார்."

"தேயுங்க. எவ்வளவு அழுத்தினீங்கன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

மாரி கொக்கியை எடுத்துப் பட்டும் படாமல் இழுத்தார். "இப்படியா தேச்சீங்க?" என்றார் சார். மாரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிஜமாகவே தேய்த்தார். சாரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கை சிவந்து, பிறகு திட்டுத் திட்டாகக் கறுத்தது. என்னால் பார்க்க முடியவில்லை, "போதும் சார்" என்று கத்திவிட்டேன். மாரி கொக்கியைத் தூர எறிந்துவிட்டு, "அய்யோ, இன்னா சார் நீ" என்று அழுதார்.

சார் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "பாசம் சரி. தேய்க்கிறது எங்க வேலை, விட்டுடுங்க. உங்களுக்கு வேற வேலை தரேன்" என்றார். கிடங்கு உத்தரத்தில் ஒரு கப்பியைக் கட்டச் சொன்னார். கயிற்றின் இரண்டு முனையிலும் பிடி. ஏழுமலை நல்ல கையால் ஒரு முனையை இழுத்தால் கெட்ட கை மேலே போகும். வீக்கம் வற்றியதும் ஒவ்வொரு டீ வேளையிலும் அவரை அங்கே வரவழைத்து இதைச் செய்ய வைப்பது கேங்கின் பொறுப்பு. இழுப்பது ஏழுமலையாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாரும் கயிற்றைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகு அவர்கள் அவரை டீ குடிக்கவே விடவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வீக்கம் வற்றும்வரை நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாட்கள் போனது போனதுதான். மீண்டும் தொடங்கியபோது போர்டு நெருங்கிவிட்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் சார் வேறொன்றைக் கண்டுபிடித்தார். ஏழுமலையின் கையை மேலே தூக்கிவிட்டு, மெதுவாக இறக்கச் சொன்னார். பாதி வழியில் கை நடுங்கியது. மறுபடி செய்யச் சொன்னார், அதே இடத்தில் நடுங்கியது. உள்ளே பார்க்கிற கருவியெல்லாம் அன்று ஏது. கையால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சார் சொன்னார்: "ஏழுமலை, மறைக்காம சொல்றேன். இறுக்கம் விட்டுப்போச்சு, கை ஏறிடும். ஆனா உள்ள தசைநார் பழைய துணி மாதிரி நைஞ்சிருக்கு. மூட்டை தூக்காம இருந்தீங்கன்னா சாப்பிட, தலை சீவ, பேரப்பிள்ளையத் தூக்க, கடைசி வரைக்கும் உதவும். மூட்டை தூக்கினா ஒரு நாள் அறுந்துடும். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"எப்ப அறும் சார்?"

"அது தெரியாது."

"ஒரு வருசம் தாங்குமா?"

சார் அந்தத் தோளில் மறுபடி கை வைத்துப் பார்த்தார். "தாங்கலாம்" என்றார் கடைசியில்.

"அது போதும் சார். அப்பால அறுந்தா அறுந்துட்டுப் போவட்டும். சேகரு வெளிய வந்துருவான்."

அவர் போனபிறகு சார் பட்டையைக் கழுவித் துடைத்து, மறுபடி கழுவித் துடைத்தார். "ராணுவத்துலயும் இதைத்தான் செஞ்சேன் ரெஜினா. சரி பண்ணி அனுப்பினா மறுபடி அங்கதான் போவாங்க" என்றார். எனக்கு அப்போதே அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன். வேலையை விட்டுவிடலாம் என்று அன்று இரவு அம்மாவிடம்கூடச் சொன்னேன். காலையில் வழக்கம்போலக் கிளம்பிப் போய்விட்டேன்.

போர்டு நாளன்று காலையில், உள்ளே போவதற்கு முன்னால், கடைசியாக ஒருமுறை தேய்த்தது நான்தான். பட்டை எங்கும் தடைபடவில்லை. உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் நிமிராமலே, "தலைக்கு மேல கும்பிடு போடு" என்றார். அவர்களுடைய சோதனை அதுதான். ஏழுமலை கோயிலில் நிற்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். வலது கை காதைத் தாண்டும்போது கொஞ்சம் தயங்கியது. பிறகு ஏறிவிட்டது. உள்ளங்கைகள் தலைக்கு மேல் சேர்ந்தன.

டாக்டர் சாரைப் பார்த்து, "என்ன சொல்றீங்க?" என்றார். சார் இருந்ததை இருந்தபடி சொன்னார். கை முழுக்க ஏறுகிறது, உள்ளே பலம் குறைவு, பாரம் தூக்கினால் மறுபடி கெடும். "பாரம் தூக்காம வேற வேலை கேங்குல ஏது?" என்றார் டாக்டர். மூட்டை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி ஏழுமலையின் தோளில் ஏற்றினார்கள். கதவுவரை போய்த் திரும்பி வந்தார். தகுதி என்று எழுதிவிட்டார்கள்.

வெளியே மாரியும் மற்றவர்களும் அவரைத் தூக்காத குறைதான். அஞ்சலை மட்டும் தள்ளி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத் துறைமுகப் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது அவரைப் பலகையில் பார்த்தேன். நானும் சாரும் இளக்கின அதே இடத்தில்தான் மூட்டை உட்கார்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. திரும்பி வந்து அன்றைக்கு வரிசையில் இருந்த மற்ற தோள்களைத் தேய்த்தேன்.

ஒன்றரை வருடம் இருக்கும். ஒரு நாள் காலையில் ஏழுமலை மாடிப்படி ஏறி வந்தார். இடது கையில் ஜாங்கிரிப் பொட்டலம். வலது கை பக்கத்தில் சும்மா தொங்கியது.

"சேகரு எண்ணூர்ல கம்பெனில சேந்துட்டாம்மா. ஃபிட்டரு. காக்கிச் சட்டை குட்த்துகீறாங்க. ஷூ குட்த்துகீறாங்க. அவங்கம்மா அந்த ஷூவத் தொடச்சி தொடச்சி வெக்குது."

"கை?" என்றேன்.

"அது அறுந்து நாளாச்சி. சேகருக்குப் பரீட்சை வர்றதுக்கு முன்னாடியே 'டப்'புனு ஒரு சத்தம். கேங்குல யாரும் மூச்சு வுடல. எனக்கு மட்டும் தவிட்டு மூட்டையாப் பாத்து ஏத்தி வுட்டாங்க. மாரி கூடவே வந்து ஒரு பக்கம் தாங்கிக்குவான். அப்டியே ஓட்டிட்டோம்."

சார் அந்தக் கையைப் பிடித்து மேலே தூக்கி, விட்டார். பொத்தென்று விழுந்தது. தோளின் மேல் சதை வற்றி எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சார் அதை மறுபடி எடுத்தார். தன் இரண்டு கைக்குள்ளும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எழுதிக் குடுங்க சார், முடியாதுன்னு" என்றார் ஏழுமலை. சார் எழுதினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக சாரின் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன். எனக்கும், இத்தனை வருடத்தில் ஒன்றாவது நாங்கள் நினைத்தபடி முடிந்ததே என்று இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து ஒரு ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டேன்.

"சார், இன்னொரு சோலி கீது" என்றார் ஏழுமலை. "மாப்ள வெளிய நிக்கிறாரு. நம்ம செல்விக்குத் தை மாசம் கண்ணாலம் ஆச்சில்ல. நல்ல மன்சங்க சார், நகை நட்டு ஒண்ணும் கேக்கல. மாப்ளயும் நம்ம வூட்டு ஆம்பளதானே, அட்டைய அவரு பேருக்கு மாத்திக் குட்த்தா போதும்னுட்டாங்க. தோளு, கை எல்லாம் நல்லா கீதுன்னு நீங்க ஒரு குறிப்பு எழுதினா, நாளைக்கே போர்டு கையெழுத்துப் போட்டுரும்."

சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "நீ பாரு ரெஜினா" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கீழே இறங்கிப் போய்விட்டார். நோயாளி இருக்கும்போது அவர் அப்படி எழுந்து போனது அந்த ஒரு முறைதான்.

மாப்பிள்ளை உள்ளே வந்தார். இருபதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது இருக்கும். விரலில் புது மோதிரம். பின்னாலேயே செல்வி வந்து கதவோரம் நின்றாள். கழுத்தில் தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. அவர் சட்டையைக் கழற்றி மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு என் முன்னால் நின்றார். "தலைக்கு மேல கும்பிடுங்க" என்றேன். இரண்டு கையும் தடையில்லாமல் ஏறி மேலே சேர்ந்தன. தோளில் விரலை வைத்துப் பார்த்தேன். காய்ப்பு இல்லை, இறுக்கம் இல்லை. விரல் அழுந்தின இடம் உடனே மேலே வந்தது. எனக்கு ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

ஏழுமலை பக்கத்தில் வந்து, நல்ல கையால் மாப்பிள்ளையின் வலது தோளில் பெருமையாக ஒரு தட்டுத் தட்டினார்.

"இன்னா தோளு பாத்தியாம்மா!" என்றார்.

"நல்ல தோள்" என்றேன். உட்கார்ந்து, தகுதி என்று எழுதிக் கொடுத்தேன்.